கேஸா, பெட்ரோலா, இரண்டுமா? வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

கரன்ட் போனால் சமாளிக்க ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து குழம்புவது எரிபொருளில்தான். பெட்ரோலில் மட்டும் ஓடுவது ஒரு வகை. பெட்ரோலிலும் எல்.பி.ஜி. கேஸிலும் ஓடுவது இரட்டை எரிபொருள் வகை. அதற்குள்ளும் சாதாரண ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று இரண்டு பிரிவு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு இரட்டை எரிபொருள் வகைதான் சரி. கேஸை முதல் எரிபொருளாகவும் பெட்ரோலை மாற்று ஏற்பாடாகவும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாட் வேண்டும் என்ற கணக்கையும் கேஸில் கிடைக்கும் வாட்டை வைத்தே போடுங்கள்.

ஒரு இயந்திரம், நான்கு எண்கள்

இரட்டை எரிபொருள் ஜெனரேட்டர் ஒவ்வொன்றுக்கும் நான்கு வாட் அளவுகள் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்டிங் வாட் (மோட்டார் கிளம்பும் நொடியில் தரும் உச்ச அளவு), பெட்ரோலில் தொடர்ந்து தரும் வாட், கேஸில் இதே இரண்டு. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது அநேகமாக முதல் எண். அதுதான் இருப்பதிலேயே பெரியது, சில விநாடிகள் மட்டுமே கிடைப்பதும் அதுதான்.

சாம்பியன் நிறுவனத்தின் 3400 வாட் இன்வெர்ட்டர் மாடலைப் பாருங்கள். பெட்ரோலில் ஸ்டார்டிங் 3400, தொடர்ந்து 3100. கேஸில் 3060, 2790. வெஸ்டிங்ஹவுஸின் டபிள்யூஜென் 9500 டிஎஃப் என்ற பெரிய மாடலில் பெட்ரோலுக்கு 12500, 9500. கேஸுக்கு 11200, 8500. இரண்டுமே 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்தவை. உங்கள் ஊரில் 50 ஹெர்ட்ஸ் என்றால் மாடல் வேறாக இருக்கும், ஆனால் கேஸில் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும் என்பது அங்கும் மாறாது.

ஏன் குறைகிறது? பெட்ரோல் திரவமாக உள்ளே போய் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் எஞ்சின் சிலிண்டருக்குள் அதிகமாக ஏறும். எல்.பி.ஜி. வாயுவாகவே நுழைவதால் காற்று வர வேண்டிய இடத்தில் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது. இது எஞ்சினின் குறை இல்லை, எரிபொருளின் இயல்பு. மலைப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும்: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம்.

பெட்ரோலும் கேஸும்

திறனில் பெட்ரோல் ஜெயிக்கிறது. எளிதாகக் கிடைப்பதிலும் அதற்குத்தான் முன்னிலை. சேமித்து வைப்பது என்று வந்தால் நிலைமை தலைகீழ். கேனில் வைத்த பெட்ரோல் சில மாதங்களிலேயே பழசாகத் தொடங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும் ஸ்டெபிலைசர் திரவத்தை ஊற்றினால் ஓராண்டு வரை தள்ளலாம், அவ்வளவுதான். ஜெனரேட்டருக்குள் தங்கிய பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பிசினாகப் படியும். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் இயந்திரம் அந்த ஒருமுறை ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இந்தப் பிசின்தான். சிலிண்டரில் உள்ள கேஸோ எத்தனை ஆண்டு ஆனாலும் அப்படியே இருக்கும். ரப்பர் ஹோஸ், வால்வு, சிலிண்டரின் பரிசோதனைத் தேதி ஆகியவற்றைக் கவனித்தால் போதும்.

கேஸில் எஞ்சின் ஆயிலும் சீக்கிரம் கறுப்பதில்லை, ஸ்பார்க் பிளக்கில் கரியும் குறைவு. பராமரிப்புக்குச் சோம்பல்படும் வீட்டில் இது பெரிய விஷயம்.

கேஸின் பலவீனம் குளிரில் தெரியும். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வெளியே வர வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுக்கிறது. பெரிய எஞ்சின் வேகமாக உறிஞ்சினால் சிலிண்டர் சில்லிட்டு, வெளியே உறைபனி படர்ந்து, அழுத்தம் இறங்கி, எஞ்சின் ஏறி இறங்கி ஓடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். பியூட்டேனோ பூஜ்ஜியத்தை ஒட்டியே கொதிநிலை கொண்டது. எனவே பியூட்டேன் அதிகம் கலந்த கேஸ் கிடைக்கும் குளிர்ப் பகுதிகளில் குளிர்கால இரவில் கேஸை மட்டும் நம்பி உட்கார முடியாது. பெட்ரோலையும் கையில் வைத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சிலிண்டரைச் சூடாக்க நெருப்பையோ ஹீட்டரையோ கிட்டே கொண்டுபோகவே கூடாது. பெரிய சிலிண்டரை இணைப்பதுதான் தீர்வு. எப்போதும் நிற்க வைத்தே பயன்படுத்துங்கள்; படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

சரி, பாதுகாப்பில் எது மேல்? பெட்ரோல் சிந்தும், ஆவியாகும், சூடான எஞ்சினில் பட்டால் பற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி ஆறவைத்த பிறகே டேங்கை நிரப்ப வேண்டும், நடு இரவில் டார்ச் வெளிச்சத்தில் இதைச் செய்வது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. கேஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தாழ்வான இடத்தில், பள்ளத்தில், அடித்தள அறையில் தேங்கும். ஒவ்வொரு முறை இணைத்த பிறகும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டருடன் வரும் ரெகுலேட்டரை அடுப்பின் ரெகுலேட்டருக்குப் பதிலாகவோ, அதை இதற்குப் பதிலாகவோ மாட்ட வேண்டாம். அழுத்தமும் வாயு ஓட்டமும் வேறு.

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட்?

ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட், நான்கு மின்விசிறிகள் 280, எட்டு எல்.இ.டி. விளக்குகள் 80, ரூட்டர் 15, டி.வி. 100, மடிக்கணினியும் போன்களும் 100. மொத்தம் 725 வாட்.

பார்க்கச் சின்ன எண்தான். சிக்கல் மோட்டாரில் வருகிறது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் ஓடும் வாட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். 150 வாட் ஃப்ரிட்ஜ் 800 வரை கேட்கலாம். அதையும் 3000 வாட் இயந்திரம் எளிதாகத் தாங்கும். 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டாரைச் சேர்த்தால் கதையே வேறு. 1 ஹெச்.பி. என்றால் 746 வாட் என்பது மோட்டார் வெளியே தரும் திறன். அது உள்ளே எடுப்பது 1000 முதல் 1100 வாட். கிளம்பும்போது 3000க்கு மேல் கேட்கும். மற்ற 725 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கேஸில் 3060 வாட் தரும் ஜெனரேட்டர் அங்கேயே தடுமாறும்.

இந்த ஒரு மோட்டாருக்காகவே மூன்று மடங்கு பெரிய ஜெனரேட்டரை வாங்குபவர்கள் நிறைய. அதற்கு முன் யோசிக்க வேண்டியவை உண்டு. மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் கருவியைப் பொருத்தலாம், மோட்டாரின் வகைக்கு ஏற்றதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு. மோட்டார் போடும் பத்து நிமிடம் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, அந்த நேரம் மட்டும் பெட்ரோலுக்கு மாறலாம். அப்படியும் மோட்டார் கிளம்பாவிட்டால் பெரிய மாடலுக்குப் போகலாம். ஏ.சி.யிலும் இதே வேறுபாடுதான். பழைய வகை கம்ப்ரசர் ஒரே அடியாக இழுக்கும், இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாக வேகமெடுக்கும். எதுவானாலும் மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் கரன்ட் அளவைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

சாதாரண வகை, இன்வெர்ட்டர் வகை

பேட்டரியோடு வீட்டில் மாட்டும் இன்வெர்ட்டரை நான் இங்கே சொல்லவில்லை. ஜெனரேட்டருக்குள்ளேயே மின்சாரத்தை ஒருமுறை டி.சி.யாக்கி (நேர்மின்னோட்டமாக்கி), பிறகு மின்னணு முறையில் சுத்தமான ஏ.சி. மின்சாரமாக (மாறுமின்னோட்டமாக) மாற்றித் தரும் வகைக்குத்தான் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று பெயர். சாதாரண வகையில் எஞ்சினின் சுற்று வேகம்தான் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைத் தீர்மானிக்கிறது. அதனால் 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 3600 சுற்று என்று, ஒரு பல்பு எரிந்தாலும் ஒரு ஏ.சி. ஓடினாலும், அதே வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் வகைக்கு அந்தக் கட்டு இல்லை. லோடு குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் எரிபொருளும் குறையும். அலை வடிவமும் நன்றாக இருக்கும்; நல்ல மாடல்களில் விலகல் 3 சதவீதத்துக்குள். சில பேட்டரி யு.பி.எஸ்.கள் சாதாரண ஜெனரேட்டரின் மின்சாரத்தை ஏற்க மறுப்பதும், கணினி பவர் சப்ளை முரண்டு பிடிப்பதும் பெரும்பாலும் அலை வடிவமோ ஹெர்ட்ஸோ சரியாக இல்லாததால்தான்.

சாதாரண வகையின் பலம் எளிமை. உள்ளே மின்னணுப் பலகைகள் குறைவு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், அதே விலைக்கு அதிக வாட் கிடைக்கும். தண்ணீர் மோட்டாரும் வெல்டிங்கும்தான் வேலை என்றால் அதையே வாங்குங்கள். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜும் விசிறியும் இரவு முழுக்க ஓட வேண்டும், பக்கத்து வீட்டாரும் தூங்க வேண்டும் என்றால் இன்வெர்ட்டர் வகை. எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. டெசிபல் அளவை ஒப்பிடும்போது எத்தனை மீட்டர் தூரத்தில், எவ்வளவு லோடில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானாலே 6 டெசிபல் குறையும், ஆகவே தூரம் சொல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

எடையையும் மறக்க வேண்டாம். சாம்பியன் 3400 சுமார் 43 கிலோ. சக்கரமும் கைப்பிடியும் இருந்தால் ஒருவரே நகர்த்தலாம். 457 சிசி எஞ்சினுள்ள வெஸ்டிங்ஹவுஸ் நூறு கிலோ அளவில் வரும். அதைப் படியேற்ற இரண்டு பேராவது வேண்டும். பெட்ரோலில் மட்டும் ஓடும் ஹோண்டா இயூ2200ஐ சுமார் 21 கிலோதான், தொடர்ந்து 1800 வாட் தரும். தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு இன்றும் அதுதான் பொருத்தம். வீட்டில் ஓரிடத்தில் வைப்பவர்களுக்கு அந்த எடைக் குறைவால் பெரிய லாபமில்லை.

ஒரு நாள் முழுக்கக் கரன்ட் இல்லை என்றால்

இங்கேதான் இரட்டை எரிபொருளின் அருமை புரியும். சாம்பியன் 3400 கால் லோடில் 6 லிட்டர் பெட்ரோலுக்கு 7.5 மணி நேரமும், 9 கிலோ சிலிண்டருக்கு 14.5 மணி நேரமும் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நம்முடைய 725 வாட்டும் ஏறக்குறைய அந்தக் கால் லோடுதான். அதை வைத்துப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 1 லிட்டர் பெட்ரோல் அல்லது 900 கிராம் கேஸ். 24 மணி நேரத்துக்கு 17 யூனிட் வேண்டும் என்றால் 17 லிட்டர் பெட்ரோல், இல்லாவிட்டால் 9 கிலோ சிலிண்டர் இரண்டு. ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் நடைமுறையில் இன்னும் குறையும். 17 லிட்டர் பெட்ரோலை எப்போதும் புதிதாக வீட்டில் வைத்திருப்பது நடக்காத காரியம். இரண்டு சிலிண்டர்களை வெளிப்புறம் காற்றோட்டமான இடத்தில் வைத்திருப்பது முடியும். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட்டுப் பாருங்கள்; காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும்.

சிறிய எஞ்சின்கள் குறைந்த லோடில்தான் எரிபொருளை அதிகம் வீணாக்கும். ஆகவே வீட்டில் பேட்டரி இருந்தால் ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓட்டாமல், பகலில் சில மணி நேரம் நல்ல லோடில் ஓட்டி பேட்டரியை நிரப்பி, இரவைப் பேட்டரியில் தள்ளலாம். தூக்கமும் கெடாது. பேட்டரி மட்டுமே போதுமா என்று கேட்டால், 2 யூனிட் கொள்ளும் பேட்டரிப் பெட்டி இந்த 725 வாட்டை மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. சில மணி நேர மின்வெட்டுக்கு அது அருமை. நாள்கணக்கான இருட்டுக்குப் போதாது.

குழாய் வழியே இயற்கை எரிவாயு வரும் வீடுகளுக்கு மூன்று எரிபொருளில் ஓடும் மாடல்களும் உண்டு. சிலிண்டர் மாற்றும் வேலையே இல்லை. ஆனால் பெட்ரோலைவிட 15 முதல் 20 சதவீதம் திறன் குறையும். நிலநடுக்கத்தில் குழாய் எரிவாயுவும் நின்றுபோகலாம்.

எந்த வகை வாங்கினாலும்

கேஸ் சுத்தமாக எரியும் என்பதற்காகப் புகை ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு எரிபொருளிலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்கும்போதே ஆளைக் கொல்லும். வீட்டுக்குள், கராஜில், மூடிய பால்கனியில், ஜன்னலுக்குக் கீழே ஓட்டவே கூடாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு கூடினால் தானாக நிற்கும் சென்சார் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். வீட்டுக்குள் தனி அலாரமும் வேண்டும்.

வீட்டு வயரிங்கோடு இணைக்க, வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் பின் உள்ள ஒயரைச் சுவர் பிளக்கில் செருகினால் மின்சாரம் வெளியே லைனுக்குப் போய், அங்கே கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுத்துவிடும். வாங்குமுன் ஜெனரேட்டரின் நியூட்ரல் சட்டகத்தோடு இணைந்ததா, இணையாததா என்பதை எலெக்ட்ரீஷியனிடம் காட்டி, வீட்டு எர்த்துக்கும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள்.

கையில் வாங்கியதும் கேஸில் ஸ்டார்ட் செய்து, ஃப்ரிட்ஜையும் மோட்டாரையும் உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள், பிறகு பெட்ரோலில் ஒருமுறை. பெட்ரோலில் ஓட்டி முடித்ததும் பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரைக் காலியாக்கி வையுங்கள். முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலான மாடல்களுக்கு 20 முதல் 25 மணி நேரத்தில். அதன்பின் மாதம் ஒருமுறை, லோடு கொடுத்து, கால் மணி நேரம் கேஸில் ஓட்டினால் போதும்.