அட்ரினலின் கலந்த லிக்னோகைன்: கால்விரலுக்கு ஒத்துவருமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்க் கிளினிக்குகளில் காலில் கத்தி வைக்கும் வேலை பெரும்பாலும் இரண்டுதான்: ரப்பர் பூட்ஸுக்குள் நசுங்கிச் சதைக்குள் வளர்ந்த கட்டைவிரல் நகம், உள்ளே ஒடிந்து நின்ற செம்பனை முள். இரண்டுக்கும் 1 சதவீத லிக்னோகைனில் (இடத்தை மரக்கச் செய்யும் மருந்து) 1:200,000 அளவில், அதாவது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு, அட்ரினலின் (ரத்தக் குழாயைச் சுருக்குவது) கலந்த 20 மில்லி குப்பி நல்ல சரக்கு.

மரப்பு நீடிக்கிறது, ரத்தம் குறைகிறது. நகம் மீண்டும் வளராமல் வேரைக் கரிக்க ஃபீனால் வைப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விரலடியில் ரப்பர் கட்டும் தேவைப்படாது. அது பெரிய நிம்மதி. கட்டை அவிழ்க்க மறந்து பேண்டேஜ் சுற்றி அனுப்பினால் விரலே போய்விடும்.

'விரலுக்கு அட்ரினலின் ஆகவே ஆகாது' என்ற பயம் பெரும்பாலும் லிக்னோகைனுக்கு முந்தைய மரப்பு மருந்தான புரோகைன் காலத்துச் சங்கதி. ஆனால் ரத்த ஓட்டம் கெட்ட காலுக்கு அந்தப் பயம் இன்றும் நியாயமே. இனிப்பு நீர்க்காரர், விடாமல் புகைப்பவர் என்றால் பாதத்தின் மேலும் உள்கணுக்காலுக்குப் பின்னும் நாடியைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். துடிப்பு தெரியாவிட்டால் இந்தக் குப்பியைத் தொடாதீர்கள், ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

விரலடியில் இரு பக்கமும் சேர்த்து 2 முதல் 3 மில்லி போதும், மெல்லிய 27 கேஜ் ஊசியில். சுற்றிலும் நிறைய ஏற்றினால் அந்த அழுத்தமே ஓட்டத்தை நெருக்கும். சில நிமிடத்தில் விரல் மரத்துவிடும்; ரத்தம் நன்றாக அடங்க 25 நிமிடம் பிடிக்கும். உடனே கீறிவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம். அமிலத்தன்மையால் வெறும் லிக்னோகைனைவிட எரியும். 10 மில்லிக்கு 1 மில்லி 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் சேர்த்து உடனே போட்டால் எரிச்சல் தணியும்.

குப்பி தீர்ந்து, தாங்களே கலப்பவர்கள் சறுக்குவது ஒரு புள்ளியில்தான். 20 மில்லி வெறும் லிக்னோகைனுக்கு 1:1000 அட்ரினலின் 0.1 மில்லி, அதாவது 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 10-ஆம் கோடு. 1 மில்லி ஆம்பூலை அப்படியே ஊற்றினால் பத்து மடங்கு. பல் மருத்துவரின் 1:80,000 கார்ட்ரிஜ் கால்விரலுக்குத் தேவையில்லாத வீரியம்.

விரல் சில மணி நேரம் வெளுத்திருப்பது சகஜம். நிறம் திரும்பவே இல்லையென்றால் அதே இடத்தில் அட்ரினலினை முறிக்கும் ஃபென்டோலமைன் 1 மில்லிகிராம் போட வேண்டும். அது கையிருப்பில் இல்லாத கிளினிக், விரலுக்கு இதை வாங்காமல் இருப்பதே மேல்.