"முழு வயரிங்கும் புதிது" என்று பில் தந்தால் வயரில் சுற்றிய ரேப்பைப் பிரித்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்கள் வயரிங் வேலைக்குக் காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள். முழு வயரிங்கும் மாற்றியதாகக் காசு வாங்கிய ஒரு மைனர் 1000 காரில், ஹெட்லைற் போட்டு ஓடினால் டாஷ்போர்ட்டுக்குக் கீழே றப்பர் கருகும் மணம் வந்தது.

பிரித்தால், பொனற்றைத் திறந்ததும் கண்ணில் படும் வயர் மட்டும்தான் புதிது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் அதே பழைய துணி சுற்றிய வயர், மேலே புது ரேப். அந்த வயரின் றப்பர் வளைத்தாலே உதிர்கிறது.

புதிதாகப் போட்டதும் கார் வயர் இல்லை, வீட்டுக்கு இழுக்கிற 1/1.13 (1.13 மில்லிமீற்றர் கம்பி ஒன்று). ஒற்றைக் கம்பி என்பதால் அதிர்வில் முனையோடு முறியும். அது 1 சதுர மில்லிமீற்றர்தான். அதில் 100/90 வாற்ஸ் (ஹைபீம் 100, டிப் 90) பல்ப் இரண்டு! ஹைபீமில் 200 வாற்ஸ், அதாவது 12 வோல்ற்றில் 16 அம்பியருக்கும் மேல். கரண்ட் 5 மீற்றர் வயரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 1.5 வோல்ற் அதிலேயே போய்விடும். பெரிய பல்ப் போட்டும் வெளிச்சம் மங்கல், வயர் சூடு. சுவிச்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தாங்கும் ரிலேயும் இல்லை, அவ்வளவு கரண்டும் பழைய லைற் சுவிச்சுக்குள்ளாலும் காலால் மிதிக்கும் டிப் சுவிச்சுக்குள்ளாலும் போகிறது. மைனரின் ஹெட்லைற்றுக்குக் கம்பனி பியூஸே வைக்கவில்லை. ஷோர்ட் ஆனால் எரியப்போவது வயர்.

மூட்டுகள் எல்லாம் முறுக்கி ரேப் சுற்றியவை. எங்கள் உப்புக்காற்றுக்கு அவை பச்சை பிடிக்க அதிக காலம் எடுக்காது. முழுவதும் ஒரே சிவப்பு வயர் வேறு. பிறவுண் பற்றரியிலிருந்து, வெள்ளை இக்னிசன், பச்சை பியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைற் என்ற ஒழுங்கே போய்விட்டது. இனி ஒரு பழுது வந்தால் தேடுவது பெரும் பாடு.

சரியான வேலையில் பிறவுண் மெயின் வயர் 44/0.30 (0.30 மில்லிமீற்றர் இழை 44), ஹெட்லைற் 28/0.30, பார்க் லைற் 14/0.30. பல்ப் 60/55 போதும். ஹைபீமுக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்றாக இரண்டு ரிலே, ஒவ்வொன்றுக்கும் 15 அம்பியர் பியூஸ், அதுவும் பற்றரிக்குப் பக்கத்தில். வயர் நுழையும் தகட்டு ஓட்டைகளில் றப்பர் வளையம். பியூஸ் பெட்டியிலும் கவனம் வேண்டும்: பழைய லூகாஸ் கம்பனி பியூஸில் 35 என்பது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். கடையில் கிடைக்கும் புது 35ஐப் போட்டால் காவல் இல்லை.

வயர் துண்டொன்றை வாங்கிக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்குள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். பிறகு ஹெட்லைற்றைப் போட்டு, வோல்ற் மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியில் ஏர்த் ஆகாத (கார் பொடியோடு இணைக்காத) முனையிலும் மற்றதைப் பல்ப்புக்கு வரும் வயரிலும் வையுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே காசு கொடுத்துக் காரை எடுத்தவர்கள், திறந்து பார்க்கும்வரை நிறுத்தும்போதெல்லாம் பற்றரியின் ஏர்த் கேபிளைக் கழற்றி விடுங்கள். சாவியை எடுத்தாலும் பிறவுண் வயரில் கரண்ட் இருக்கும்.