குழந்தைகளுக்கான மூலிகை டானிக்: வினிகரா, கிளிசரினா, வெறும் கஷாயமா?

வீட்டிலேயே குழந்தைகளுக்கு மூலிகை டானிக் செய்ய முற்படுவோர் பெரும்பாலும் எந்த மூலிகையைப் போடுவது என்பதிலேயே மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். துளசியோ இஞ்சியோ புதினாவோ, எதுவானாலும் அதன் சாரத்தை எதில் இறக்குகிறோம் என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது; ஏனெனில் டானிக் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்கும், பல்லை என்ன செய்யும் என்ற மூன்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

கஷாயத்தில் தொடங்கலாம். தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவதோடு வேலை முடிகிறது. அமிலமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் நுண்ணுயிர்களைத் தடுக்க அதில் எதுவுமே இல்லாததால், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாளுக்குமேல் அதை நம்ப முடியாது. டானிக் என்று புட்டியில் ஊற்றி வைக்க விரும்புபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் தேர்வு செய்வேன்.

கிளிசரின் இனிப்பாக இருக்கும், பற்சிதைவையும் சர்க்கரை அளவுக்கு உண்டாக்காது என்பதால் பலருக்கு அதன்மீது ஒரு மயக்கம் உண்டு. கலவையில் பாதிக்குமேல் கிளிசரின் இருந்தால்தான் அது கெடாமல் நிற்கும் என்பதையும், வாங்கும் கிளிசரின் உணவுத் தரம் உடையதா என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த குழந்தைகளுக்கான இருமல் மருந்துகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த நச்சு கலந்துவிடக்கூடிய மூலப்பொருள்களில் கிளிசரினும் ஒன்று. வீட்டில் அதைச் சோதித்தறிய வழியில்லை. தவிர, கிளிசரின் கலந்த ஸ்லஷ் எனும் அரைத்த பனிக்கட்டிப் பானங்களை 7 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2025இல் அறிவுறுத்தியது. அந்தப் பானங்களில் உள்ள அளவு ஒரு தேக்கரண்டி டானிக்கில் இருக்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருந்தும், தேவையில்லாத ஒரு பொருளின் தூய்மையை எண்ணிக் கவலைப்படுவானேன் என்பதே என் எண்ணம்.

மிஞ்சியிருப்பது வினிகரும் தேனும் சேர்ந்த கலவை. பண்டைக் கிரேக்க மருத்துவத்தில் ஆக்சிமெல் என்ற பெயரில் வழங்கிய இது, ஹிப்போகிராட்டசின் பெயரால் வரும் நூல்களிலேயே இடம்பெற்றிருக்கிறது. கடையில் கிடைக்கும் வினிகரில் பொதுவாக 5 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருப்பதால், உலர்ந்த மூலிகை அதில் கெடாமல் ஊறும். பச்சை இலையைப் போட்டால் இலையின் நீர் இறங்கி அமிலத்தை நீர்க்கச் செய்யும் என்பதால், காயவைத்த இலையே பாதுகாப்பானது. வீட்டில் நாமே புளிக்கவைத்த வினிகரின் அமில அளவு நமக்குத் தெரியாது. ஆகையால் அது இந்த வேலைக்கு உதவாது.

கண்ணாடி ஜாடியில் கால் பங்குக்கு உலர்ந்த மூலிகையைப் போட்டு, அது முழுகும்வரை வினிகர் ஊற்றி, இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். முதல் முறை நான் தகர மூடியை அப்படியே போட்டுத் திருகிவிட்டேன். பத்தாம் நாள் திறந்தபோது மூடியின் உட்புறம் பழுப்பாகத் துருப்பிடித்து, ஜாடியின் கழுத்தைச் சுற்றிக் கறுத்த வளையம் படிந்திருந்தது. மூடிக்கும் ஜாடிக்கும் இடையில் பார்ச்மென்ட் தாளை (கேக் சுடும்போது அடியில் விரிக்கும் தாள்) வைத்தாலோ, பிளாஸ்டிக் மூடி போட்டாலோ அந்தத் தொல்லை இல்லை. தேனை ஆரம்பத்திலேயே சேர்ப்பவர்களும் உண்டு, ஆனால் கெட்டியான தேன் வடிகட்டும் துணியை விட்டு இறங்காது. வடிகட்டிய பிறகு ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தேன் சேர்த்தால், நெடியும் அடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவை பார்த்து நிறுத்தவும் முடியும்.

இந்தக் கலவைக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். வீட்டு அடுப்பின் கொதிநிலை அவற்றை அழிக்காது, வினிகரின் அமிலமும் அவற்றை வளரவிடாமல் தடுக்குமே தவிரக் கொல்லாது. இரண்டாவது, பல். பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலை ஏறக்குறைய பி.எச். 5.5; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒரு தேக்கரண்டி டானிக்கை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்தால் நாக்குக்குப் புளிப்பே தெரியாமல் போகலாம், ஆனால் அந்தத் தம்ளரின் பி.எச். பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயேதான் நிற்கும். ஆகவே சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடிக்கச் செய்து, பிறகு வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும். உடனே பல் தேய்க்கக் கூடாது, அரை மணி நேரமாவது போகட்டும். படுக்கப்போகும் நேரத்தில் நக்கிச் சாப்பிடத் தருவது மிக மோசமான முறை.

சர்க்கரைப் பாகில் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெடாமலிருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை தேவைப்படும் ஒன்றை டானிக் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்ற பேச்சை நான் எந்தக் கலவைக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் சளி இருமலைத் தேன் ஓரளவு தணிக்கும் என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. அந்த ஆதாரம் வினிகருக்கு இல்லை. அதிமதுரத்தை இனிப்புக்காகச் சேர்க்க நினைப்பவர்கள், அதைத் தொடர்ந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் குறையக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். குழந்தை ஏற்கெனவே ஏதேனும் மருந்து உட்கொண்டு வந்தாலோ, வயிற்றெரிச்சல் உள்ள குழந்தையாக இருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் புட்டியைத் திறக்கக் கூடாது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைக்கு வினிகரும் தேனும், அதற்குக் கீழே கஷாயம் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். புட்டியில் மூலிகையின் பெயரும் வடிகட்டிய தேதியும் ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறேன்.