ஐப்பசி மழையில் வடசென்னை: தனியாக வருபவருக்கு மெட்ரோ எப்படி?

சென்னைக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். அதிலும் நவம்பர்தான் உச்சம். அந்த நாட்களில் வடசென்னையைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வருபவர் வாடகை ஸ்கூட்டரை மறந்துவிடலாம். சென்ட்ரலிலிருந்து வடக்கே விம்கோ நகர் பணிமனை வரை ஓடும் மெட்ரோ நீல வழித்தடம்தான் நம்பத் தகுந்தது. குறைகள் உண்டு, ஆனாலும் மழை நாளில் இதற்கு ஈடாக வேறு வழி இல்லை.

காரணம் நிலத்தின் அமைப்பு. வடசென்னை தட்டையான, தாழ்ந்த பூமி. தெருத் தண்ணீர் ஓட்டேரி நல்லா என்ற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று சுற்றித்தான் கடலுக்குப் போக வேண்டும். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் மழை கொட்டினால் கால்வாய் வாங்காது, தண்ணீர் தெருவிலேயே தேங்கும். ரயில் பாதைக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கப்பாதைகள்தான் முதலில் நிரம்பும். வியாசர்பாடி கணேசபுரம் இதற்குப் பேர் போனது. பேருந்துகள் சுற்றிப் போகும், ஆட்டோக்காரர் வர மறுப்பார். பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் புறநகர் ரயிலும் நிற்கும். மெட்ரோவோ பாதாளத்தில் அல்லது தூண் மேல் ஓடுகிறது; சுரங்க நிலைய வாசல்களும் சாலையைவிடச் சில படிகள் உயர்த்திக் கட்டப்பட்டவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை முடக்கியபோது புறநகர் ரயில்கள் நின்றன, மெட்ரோ ஓடியது.

வண்ணாரப்பேட்டை வரையான பகுதி 2019 பிப்ரவரியிலும், விம்கோ நகர் வரையான நீட்டிப்பு 2021 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. தண்டையார்பேட்டை வரை சுரங்கம், புது வண்ணாரப்பேட்டையிலிருந்து மேம்பாலம். விமான நிலையத்திலிருந்து வருபவர் ரயில் மாற வேண்டியதில்லை. எழும்பூரில் இறங்குபவர் பச்சைத் தடத்தில் சென்ட்ரல் வந்து மாறலாம். கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள். சிங்காரச் சென்னை என்ற பயணக் கார்டிலோ செல்போன் டிக்கெட்டிலோ 20 சதவீதம் குறையும். அடிக்கடி ஏறி இறங்கப் போகிறவருக்குக் கார்டே நல்லது. நனைந்த கையோடு வரிசையில் நிற்க வேண்டாம்.

புதிதாக வருபவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நெரிசல் நேரத்தில் எல்லா ரயிலும் விம்கோ நகர் போகாது, வண்ணாரப்பேட்டையோடு முடிகிறவையும் உண்டு. நடைமேடைப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். தனியாக வரும் பெண்களுக்கு ரயிலில் மகளிர் பகுதி தனியாக இருக்கிறது.

இந்தத் தடத்தைப் பயன்படுத்தும் முறை எளிது: ஒரு நிலையத்தில் இறங்கி, பதினைந்து நிமிடத்தில் திரும்பி வரக்கூடிய தூரத்துக்குள் சுற்றி, மேகம் கறுத்தால் நிலையத்துக்கே வந்துவிடுவது. ஒதுங்கி நிற்க முன்கூடமும் கழிப்பறையும் உண்டு. ஆனால் டிக்கெட்டுக்கு நேர வரம்பு இருக்கிறது, ஆகவே கார்டு தேய்க்கும் கதவுக்கு வெளிப்பக்கமே நில்லுங்கள்.

மழைக்கு மிகப் பொருத்தமான நிறுத்தம் திருவொற்றியூர் தேரடி. 2022 மார்ச்சில்தான் திறந்தது. தியாகராஜர் கோயில் நடக்கும் தூரத்தில். பிரகாரம் பெரியது, மண்டபங்களில் மழைக்கு ஒதுங்க இடம் தாராளம். இக்கோயிலின் மூலவர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து புனுகுத் தைலம் சாத்துவார்கள். அதைக் காண விரும்புகிறவர் நேரம் ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும், வரிசை மிக நீளம். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் அந்த மூன்று நாளையும் தவிர்க்கட்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் போவதே சரி. கிழக்கே கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி. பெருமழையில் அங்கே போக வேண்டாம், தூறலில் போகலாம்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்கு மெட்ரோ நேரடியாகப் போகவில்லை என்பது பெரிய குறை. தண்டையார்பேட்டையில் இறங்கி ஆட்டோதான், வாடகையைப் பேசிவிட்டு ஏறவும். மீன் ஏலம் இருட்டிலேயே தொடங்கிவிடும், முதல் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான். அந்த ரயிலைப் பிடித்தால் ஏலத்தின் பின்பகுதியாவது கிடைக்கும். முந்தைய நாளே வானிலை அறிக்கையைப் பாருங்கள். மீனவர் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை இருந்தாலோ, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலோ படகுகள் கரையில்தான் கிடக்கும், மீனும் குறைவு.

ராயபுரம் ரயில் நிலையத்தை வண்ணாரப்பேட்டையிலிருந்து சேர்த்துப் பார்க்கலாம். 1856-இல் திறந்த கட்டடம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். தூண்கள் தாங்கும் முகப்பைப் பார்க்க அரை மணி போதும்.

சாப்பாட்டுக்கு மண்ணடி. தனியாள் ஒருவருக்கு ஒரு தட்டில் வேலை முடிய வேண்டும் என்றால் பர்மா பஜாரை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலை அத்தோ கடைகளுக்கு மாலையில் போங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த உணவு இது. நூடுல்ஸோடு கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித் தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே சூடான வாழைத்தண்டு சூப். குளிர்ந்த உடம்புக்கு அது இதம். ஈரக் காற்றில் நொறுக்கிப் போடும் பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டை சீக்கிரம் நமுத்துவிடும், கடைசியில் மேலே தூவச் சொல்லுங்கள். காரம் பழகாதவர் மிளகாய்த்தூளை முன்பே குறைக்கச் சொல்லிவிட வேண்டும், பிசைந்த பிறகு வழியில்லை.

நிலையத்துக்கு வெளியேதான் இந்தச் சேவை தோற்கிறது. இறங்கியதும் நடைபாதை உடைந்தோ, வண்டிகள் நின்றோ கிடக்கும். மேம்பாலத்துக்கு அடியில் நடந்தால் மழை விட்ட பிறகும் சொட்டும். மேல்தள நிலையங்களில் கடற்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும், நடைமேடையின் நடுவில் நில்லுங்கள். குடை இங்கே மடங்கிவிடும், ரெயின்கோட்டே சரி. ரப்பர் செருப்பு வழுவழுப்பான நிலையத் தரையில் வழுக்கும், பின்வார் வைத்த செருப்பு போடவும். தெருவில் தேங்குவது வெறும் மழைத் தண்ணீர் அல்ல, சாக்கடையும் கலந்தது. காலில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கு அதுவே வாசல், இறங்காதீர்கள். மின்வாரியப் பில்லர் பாக்ஸ் என்ற தெருவோர மின் இணைப்புப் பெட்டி இருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் எதிர்ப்புறம் கடந்துவிடுங்கள்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு விம்கோ நகரிலிருந்து பஸ்ஸில் போவோர் உண்டு. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் கொசஸ்தலை ஆற்றின் ஓட்டம் அங்கே வேகமாக இருக்கும், அப்போது போகவே வேண்டாம். கடைசி ரயில் இரவு 11 மணி வாக்கில். மழை இரவில் பத்துக்கு முன்பே நிலையத்துக்குள் வந்துவிடுவது நல்லது.