அசெட்டிக் அமிலம் 60-ஆ, 120-ஆ? மூன்று முறைகளில் எதை நம்பலாம்

கணக்குப் போட்டால் அசெட்டிக் அமிலத்தின் ஒப்பு மூலக்கூறு நிறை 60, அவ்வளவுதான் (அலகு கிடையாது, கார்பன்-12 அணுவின் பன்னிரண்டில் ஒரு பங்கோடு ஒப்பிட்ட எண் இது). அளக்கப் போனால்தான் வம்பு.

விக்டர் மேயர் முறை 1878-இல் வந்தது. எடை தெரிந்த திரவத்தை ஆவியாக்கி, அது வெளியே தள்ளும் காற்றின் கன அளவைப் பார்த்து ஆவி அடர்த்தியை (அதே கன அளவு ஹைட்ரஜனைவிட ஆவி எத்தனை மடங்கு கனம் என்பதை) கண்டுபிடித்து இரண்டால் பெருக்க வேண்டும். குளோரோஃபார்முக்கு நன்றாகவே வரும். ஆனால் ஆவி அடர்த்தியை நம்பினால் அசெட்டிக் அமிலம் காலை வாரிவிடும்: கொதிநிலையான 118 டிகிரியை ஒட்டி அளந்தால் 60-க்கும் 120-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண், 250 டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் 60 பக்கம் இறங்கும். ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகள் சூட்டில்தான் பிரிகின்றன.

உறைநிலைத் தாழ்வு முறை எனக்குப் பிடித்தது: கரைந்த துகள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கரைப்பானின் உறைநிலை குறையும், அந்தக் குறைவிலிருந்து மூலக்கூறு நிறையைக் கணக்கிடலாம். 0.6 கிராம் அமிலத்தை 100 கிராம் தண்ணீரில் கரைத்தால் உறைநிலை சுமார் 0.19 டிகிரி குறையும், கணக்கு 60-க்கு ஒத்துப்போகும். அதே 0.6 கிராமை 100 கிராம் பென்சீனில் கரைத்தால் 0.51 டிகிரி குறைந்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட அதில் பாதிதான் குறைகிறது, விடை 120-ஐ நெருங்குகிறது. இது பிழை இல்லை, பென்சீனுக்குள் அவை பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கின்றன. இவ்வளவு சின்ன மாற்றத்தை அளக்க நுண்ணிய வெப்பமானி வேண்டும் என்பதுதான் தொல்லை. கரைப்பானாகக் கற்பூரத்தை எடுத்தால் மாறிலி (ஒரு கிலோ கரைப்பானில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை குறையும் அளவு) 40 அளவுக்கு இருப்பதால் சாதாரண வெப்பமானியே போதும், ஆனால் பொருள் கற்பூரத்தில் கரைய வேண்டும், கற்பூரம் உருகும் சூட்டைத் தாங்கவும் வேண்டும்.

அப்புறம் நிறை நிறமாலைமானி, மூலக்கூறுகளை மின்னேற்றி நிறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறைக்கும் ஒரு கோடாகக் காட்டும் கருவி. புதுச் சேர்மம் என்றால் யோசிக்காமல் இதற்கே போகலாம், மில்லிகிராம்கூடத் தேவையில்லை. ஆனால் உயரமான கோடுதான் விடை என்று எழுதிவிடாதீர்கள்: அசெட்டிக் அமிலத்தில் 43-இல் நிற்கும் உடைந்த துண்டின் கோடு 60-ஐவிட உயரம். குளோரோமீத்தேன் இன்னும் குழப்பும். 50-இலும் 52-இலும் ஏறக்குறைய 3:1 உயரத்தில் இரண்டு கோடுகள் வரும், பாடப்புத்தகம் சொல்லும் 50.5-இல் ஒன்றுமே இருக்காது. 50.5 என்பது குளோரின் ஐசோடோப்புகளை (நிறை மட்டும் வேறுபடும் குளோரின் அணுக்களை) சேர்த்துப் பார்த்த சராசரி, அந்த நிறையில் தனி மூலக்கூறு எதுவும் இல்லை. தராசில் நிறுத்து மோல் கணக்குப் போடும்போது மட்டும் அந்த 50.5-ஐத்தான் எடுக்க வேண்டும்.