ஆட்டோகேட் லேயர்களைத் தானாக மறைக்க எது நல்லது: லேயர் ஸ்டேட், ஸ்கிரிப்ட், ஆட்டோலிஸ்ப்

ஒரே தரைத்தள வரைபடத்திலிருந்து கட்டடக்கலைத் தாள், மின்வசதித் தாள், குழாய்த் தாள் என்று தனித்தனியாக அச்செடுக்கும் அலுவலகங்களில், எந்த லேயர் (வரைந்தவற்றை வகைபிரித்து வைக்கும் அடுக்கு) தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் கையால் சொடுக்கிக்கொண்டிருப்பது நேர விரயம் மட்டுமல்ல, பிழைகளுக்கும் இடம்கொடுப்பது. கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் இதைத் தானாகச் செய்ய லேயர் ஸ்டேட், ஸ்கிரிப்ட் கோப்பு, ஆட்டோகேடுக்குள்ளேயே இயங்கும் நிரல்மொழியான ஆட்டோலிஸ்பில் எழுதிய நிரல் என மூன்று வழிகள் உண்டு. தினசரி வேலைக்கு ஆட்டோலிஸ்ப் பக்கமே நான் சாய்கிறேன்.

எந்த வழியானாலும், லேயரை ஆஃப் செய்வதா, ஃப்ரீஸ் செய்வதா என்பதை முதலில் முடிவுசெய்துவிட வேண்டும். ஆஃப் செய்த லேயரில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அழிக்கும் கட்டளைக்கு ‘ஆல்’ என்று விடை கொடுத்தால் அவையும் சேர்ந்தே அழிந்துபோகும். ஃப்ரீஸ் செய்தவை தப்பிக்கும். பல கோடுகளை ஒரே பொருளாகத் தொகுத்த பிளாக்குகளில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஒரு பிளாக் செருகப்பட்ட லேயரை ஃப்ரீஸ் செய்தால் பிளாக் முழுவதும் மறையும். ஆஃப் செய்தாலோ, அதற்குள் வேறு லேயர்களில் வரைந்த கோடுகள் அப்படியே நிற்கும். தானியங்கி வேலைக்கு ஃப்ரீஸ்தான் பாதுகாப்பு.

லேயர் ஸ்டேட்டுக்கு நிரலறிவு தேவையில்லை. அப்போதைய நிலையை ஒரு பெயரில் சேமித்து, வேண்டும்போது மீட்கலாம். கோப்பாக ஏற்றுமதி செய்து அடுத்த வரைபடத்திலும் சேர்க்கலாம். ஆனால் அது பதிவுசெய்வது ஒரு நிலையை மட்டுமே, அந்த நிலைக்குக் காரணமான விதியை அல்ல. சேமித்த பிறகு மின்பொறியாளர் புதிதாக ஒரு லேயரைச் சேர்த்தால், பழைய ஸ்டேட்டுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது குழாய்த் தாளிலும் வந்து நிற்கும். ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை ஆஃப் செய்யும் விருப்பத்தை இயக்கினால், நமக்கு வேண்டிய புதிய லேயரும் சேர்ந்தே மறைந்துவிடும். எக்ஸ்ரெஃப் கோப்பின், அதாவது நம் வரைபடத்தோடு இணைத்துக் காட்டும் வெளி வரைபடத்தின், பெயர் மாறினாலும் கதை இதுதான். ஏனெனில் அதன் லேயர்கள் கோப்பின் பெயரை முன்னொட்டாகக் கொண்டவை.

ஸ்கிரிப்ட் கோப்பு என்பது கட்டளைவரியில் நாம் தட்டுவதை வரிசையாக எழுதிவைத்த உரைக்கோப்பு. எழுதுவது எளிது, நம்புவதுதான் கடினம். அதில் ஒவ்வோர் இடைவெளியும் என்டர் விசையாகக் கொள்ளப்படுவதால், கண்ணுக்குத் தெரியாத ஓர் உபரி இடைவெளி கட்டளை வரிசையையே குலைத்துவிடும். நடப்பு லேயரை, அதாவது அப்போது வரையப்படுவது போய்ச் சேரும் லேயரை, ஆஃப் செய்யச் சொன்னால் ஆட்டோகேட் உறுதி கேட்கும். அந்தக் கேள்வியை எதிர்பார்க்காத ஸ்கிரிப்ட், அடுத்த வரியை அதற்குரிய பதிலாகக் கொடுத்துவிட்டுத் தடம்புரளும். ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற நிபந்தனைக்கு ஸ்கிரிப்ட் மொழியில் இடமே இல்லை.

அந்த இடத்தைத்தான் 1986 முதல் ஆட்டோகேடில் இருந்துவரும் ஆட்டோலிஸ்ப் நிரப்புகிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் பெயரிடல் முறைப்படி கட்டடக்கலைக்கு ‘ஏ’, மின்வசதிக்கு ‘இ’, குழாய்க்கு ‘பி’ என்ற எழுத்தில் லேயர் பெயர்கள் தொடங்குமானால், ‘இ, சிறு கோடு, உடுக்குறி’ என்ற ஒரே வடிவம் (உடுக்குறி எந்த எழுத்துத் தொடருக்கும் பொருந்தும்) இன்றுள்ள மின் லேயர்களையும் நாளை சேரப்போகிறவற்றையும் பிடித்துவிடும். எக்ஸ்ரெஃப் லேயர்களுக்கு அது போதாது. கோப்பின் பெயருக்கும் லேயர் பெயருக்கும் நடுவே செங்குத்துக் கோடு வருவதால், ‘உடுக்குறி, செங்குத்துக் கோடு, இ, சிறு கோடு, உடுக்குறி’ என்ற இரண்டாவது வடிவத்தையும் காற்புள்ளியிட்டுச் சேர்க்க வேண்டும். எக்ஸ்ரெஃப் லேயர்களில் நாம் செய்யும் மாற்றங்களைக் காக்கும் விஸ்ரீட்டெய்ன் என்ற அமைப்பு மாறியின் மதிப்பு 1 என இருக்கட்டும். இல்லாவிட்டால் கோப்பை மீண்டும் திறக்கும்போது எக்ஸ்ரெஃப் மாற்றங்கள் போய்விடும். நடப்பு லேயரை ஃப்ரீஸ் செய்ய முடியாது என்பதால், நிரல் முதலில் எல்லா வரைபடத்திலும் இருக்கும் பூஜ்ய லேயரின் ஃப்ரீஸை நீக்கி, அதையே நடப்பு லேயராக்கி, அதன் பிறகே மற்றவற்றில் கைவைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பூஜ்ய லேயரே ஃப்ரீஸில் இருக்கும் வரைபடத்தில் நிரல் பிழைகாட்டி நின்றுவிடும். பெயரிடல் ஒழுங்கில்லாத அலுவலகத்தில் இந்த வசதி எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று தாள்களும் ஒரே கோப்பின் லேஅவுட்களாக (அச்சுத் தாள் அமைப்புகளாக) இருந்தால், லேயரை முழு வரைபடத்துக்கும் ஃப்ரீஸ் செய்வது தவறு. தாளில் வரைபடத்தைக் காட்டும் சாளரமான வியூபோர்ட்டுக்கு மட்டும் ஃப்ரீஸ் செய்யும் விபிலேயர் கட்டளையை நிரலில் அழைக்க வேண்டும்.

ஸ்கிரிப்டுக்கு உரிய இடம் வேறு. ஒரு திட்டத்தின் எல்லாக் கோப்புகளையும் திரையில் திறக்காமலே திருத்த, 2013 பதிப்பிலிருந்து ஆட்டோகேடுடன் வரும், திரைவடிவம் இல்லாமல் கட்டளைவரியில் மட்டும் இயங்கும் கோர் கன்சோலுக்கு ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்து, அந்த ஸ்கிரிப்ட் லிஸ்ப் நிரலை ஏற்றும்படி செய்யலாம். ஆட்டோலிஸ்பின் கூடுதல் வசதியான ஆக்டிவ்எக்ஸ் செயற்கூறுகள் அங்கே இயங்காது என்பதால், நிரலைச் சாதாரணக் கட்டளைகளாலேயே எழுதுவது நல்லது. வசதிகள் குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டியில் 2024 பதிப்பில்தான் ஆட்டோலிஸ்ப் வந்தது. அதற்கு முந்தைய எல்டி வைத்திருப்பவர்கள், ஃப்ரீஸ் கட்டளையில் மேற்சொன்ன பெயர்வடிவங்களையே கொடுத்துச் சிறிய ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டால், லேயர் ஸ்டேட்டின் குறையை ஓரளவு தவிர்க்கலாம்.