‘டிஃபரன்ஷியல் போய்விட்டது’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்த பழைய காரை மறுபடி ஓட்ட எடுத்திருக்கிறீர்களா? பின்பக்கம் சத்தம் போடுகிறதா? பட்டறையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பின் அச்சின் பற்சக்கரங்களை மாற்றிவிட்டதாகச் சொல்லி என்னிடம் பெருந்தொகை வாங்கினார்கள். அவர்கள் எதையும் மாற்றவில்லை. அச்சைத் திறக்கவே இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த விதத்தை எழுதலாம். அது எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியது.

கார் அப்பாவுடையது. பின்சக்கரங்கள் இழுக்கும் வகை. கியர்பெட்டியிலிருந்து நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் போய், அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலைச் சுழற்றும். எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி அது. ஷாஃப்ட்டோடு சுற்றும் சிறிய பற்சக்கரம் பினியன்; அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் கிரவுன் வீல். அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு பல ஆண்டுகள் உறை போட்டு நின்றது. பேட்டரி, பெட்ரோல், பிரேக் எண்ணெய் எல்லாம் மாற்றி வெளியே எடுத்தபோது எஞ்சின் அழகாக ஓடியது. பின்னால்தான் தொல்லை. மெதுவாகப் போகும்போது ‘தொப், தொப்’ என்று ஓர் இடி. அதன்மேல் எலி கத்துவதுபோல் விடாத ‘கிரீச்’. கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் ‘டங்’ என்று ஓர் அடி.

பட்டறை ஆள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “டிஃபரன்ஷியல் போய்விட்டது சார். கிரவுனும் பினியனும் தேய்ந்துவிட்டன. இப்படியே ஓட்டினால் அச்சு நடுச்சாலையில் பூட்டிக்கொள்ளும்” என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை. எண்ணெய் அடைப்பானைக் கழற்றவில்லை. காதும் பயமுறுத்தலும் மட்டும்தான் சோதனைக் கருவிகள். ஒரே பகலில் வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். பழைய பற்சக்கரங்கள் என்று ஒரு ஜோடியைப் பையில் போட்டுத் தந்தார்கள். பில்லில் ‘பின் அச்சு வேலை’ என்று ஒரே வரி. பாகத்தின் எண்ணும் இல்லை, விவரமும் இல்லை.

சத்தம் அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டால், “புதுப் பல், பழகட்டும் சார். ஓட ஓட அடங்கிவிடும்” என்றார்கள். இந்த வாக்கியத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிரவுன் வீலும் பினியனும் சரியாகப் பொருத்தப்பட்டால் முதல் நாளிலிருந்தே அமைதியாக ஓட வேண்டும். தவறாகப் பொருத்தியதால் வரும் ஊளைச் சத்தம் ஓட ஓடக் குறையாது; பல்தான் கெடும்.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். காரைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளாக அடுக்கினார். “ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் மாறுகிறதா, தம்பி? விட்டால் மாறுகிறதா? வளைவில் திரும்பும்போது கூடுகிறதா? நியூட்ரலில் உருட்டினால் இருக்கிறதா?” பணம் வாங்கிய பட்டறையில் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கேள்விகளில்தான் விஷயமே இருக்கிறது. டிஃபரன்ஷியல் பற்கள் கெட்டால் வருவது ஊளை. மிதிக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி. ஏனென்றால் இழுக்கும்போது பல்லின் ஒரு முகமும், வண்டி தானாக ஓடும்போது மறுமுகமும் சுமை தாங்குகின்றன. சக்கர பேரிங் கெட்டிருந்தால் உறுமல் வரும்; பெரும்பாலும் ஒரு பக்கம் திரும்பும்போது எடை மாறுவதால் கூடும் அல்லது குறையும். மிதித்தாலும் விட்டாலும் அதற்குக் கவலை இல்லை. டயர் சத்தமோ சாலையின் தளம் மாறினால் தானும் மாறும். என் காரில் ஊளையே இல்லை. டிஃபரன்ஷியல் என்ற பேச்சே எடுத்திருக்கக் கூடாது.

அடுத்து அவர் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. என் கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 3 முறை சுற்றும். கையேட்டின்படி என் காரின் அச்சு விகிதம் 4.1, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.1 முறை சுற்றிவிடும். ஆக, அதே வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 12 முறைக்கு மேல் சுற்றுகிறது. நிதானமாக எண்ண முடிகிற ‘தொப்’ சக்கரத்தினுடையது. எண்ணவே முடியாமல் ஓடும் ‘கிரீச்’ ஷாஃப்ட்டினுடையது. இரண்டு சத்தம், இரண்டு இடம். அச்சின் குடல் இரண்டிலும் இல்லை.

அப்படியேதான் இருந்தது. ஷாஃப்ட்டின் பின்முனையில், கோணம் மாறினாலும் அது சுற்றுவதற்கு இடம்கொடுக்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட்டின் ஊசி பேரிங்குகளில் கிரீஸ் காய்ந்துபோய், மூடிகளைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தது. ஓடாமல் நின்றால் ஈரம் உள்ளே புகுந்து துருப்பிடிக்கும். செந்தூள் அதன் அடையாளம். ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கியபோது ஜாயிண்ட் தளர்ந்து ஆடியது. நகரும்போது கேட்ட ‘டங்’கும் அதுதான். ‘தொப்’புக்குக் காரணம் டயர்கள். ஒரே இடத்தில் எடை தாங்கி நின்றதில் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிட்டது. சில நாட்கள் மட்டும் நின்ற வண்டியில் இந்தத் தட்டை சிறிது தூரம் ஓடிச் சூடேறினால் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நின்றதில் பெரும்பாலும் ஆகாது. டயரின் பக்கச் சுவரில் தயாரித்த காலம் நான்கு இலக்கமாக இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். என் டயர்களின் வயதைப் பார்த்ததும், ஓட்டிச் சரிசெய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். இடது டிரம்மில் பிரேக் ஷூவும் துருவால் ஒட்டி உரசிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி நீண்ட நாள் நிறுத்தினால் இது வழக்கம்.

ஜாயிண்ட்டையும் டயர்களையும் மாற்றி, ஷூவைச் சுத்தம் செய்ததும் சத்தம் நின்றது. அவர் வாங்கிய கூலி, முந்தைய பட்டறைக்குக் கொடுத்ததில் சிறு பங்கு.

இனி மோசடி எப்படி அம்பலமானது என்பது. என் காரின் அமைப்பில் கிரவுன் வீலை எடுக்க வேண்டுமானால், முதலில் இரண்டு அச்சுத் தண்டுகளையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு டிரம்களைக் கழற்ற வேண்டும். ஷாஃப்ட்டையும் பினியனிலிருந்து பிரிக்க வேண்டும். டிரம்முக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே துரு ஒரே படலமாக, விரிசல்கூட இல்லாமல் இருந்தது. ஷாஃப்ட் போல்ட்டுகளில் பழைய அழுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. மட்டம் பார்க்கும் அடைப்பானைத் திறந்தால் கருத்துக் கெட்டியான எண்ணெய். புதுப் பற்சக்கரம் போட்டவர் யாராவது பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றுவாரா?

பையில் கொடுத்த ஜோடியையும் எண்ணினோம். கிரவுனில் 43 பல், பினியனில் 9. வகுத்தால் 4.78. என் காருக்கு வேண்டியது 41க்கு 10. கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் அசையாமல் வைத்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நான்கு சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தது. யாருடைய காரிலிருந்து கழற்றியதையோ என்னுடையது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். (சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.)

படங்களோடு முதல் பட்டறைக்குப் போய்க் கேட்டபோது முதலாளி முதலில் கோபப்பட்டார். பிறகு ‘பையன் பையை மாற்றிக் கொடுத்திருப்பான்’ என்றார். அப்படியானால் துரு எப்படி உடையாமல் இருக்கிறது என்றதற்கு, இலவசமாக எண்ணெய் மாற்றித் தருவதாகச் சொன்னார். பணத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

உண்மையிலேயே அச்சைத் திறக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்தால், முதலில் எண்ணெயை உங்கள் கண்முன் வடிக்கச் சொல்லுங்கள். அடைப்பானில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை சிறிது இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். பல் துணுக்கோ செதிலோ இருந்தால்தான் கவலை. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடிகள். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை டயல் கேஜில் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) எவ்வளவு வைத்தீர்கள், பற்களில் சாயம் பூசித் தடம் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். வேலை செய்தவர் எண்ணைச் சொல்வார், தடத்தின் படத்தையும் காட்டுவார். என்னிடம் பணம் வாங்கிய பட்டறையில் பின்னர் இதைக் கேட்டபோது கிடைத்த பதில்: “அதெல்லாம் கைக்கணக்கு சார்.”